போன்விரே தறியில் 12 பட்டைகள்

கானாவுக்குக் குடிவந்த இரண்டாவது மாதத்தில், அக்ராவில் ஒரு கடையில் என் முதல் கெண்டே துணியை வாங்கினேன். கெண்டே என்பது குறுகிய பட்டைகளாக நெய்து ஒன்றாகத் தைக்கும் இந்த நாட்டுத் துணி. மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று கட்டம் கட்டமாகப் பளிச்சென்று இருந்தது. "கையால் நெய்தது, போன்விரே சரக்கு" என்றார் விற்றவர். பாதி விலைக்குக் கேட்டேன். கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நெய்தவரின் கூலி உள்ளே இருக்கும் துணியைப் பாதி விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது.

அன்று இரவு வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டினேன். அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்தவர். இப்போது பார்வை மங்கிவிட்டது. துணியின் அழகைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பின்பக்கத்தைத் திருப்பு பாப்பா" என்றார். திருப்பினேன். வெளுத்துக் கிடந்தது. முன்பக்கத்து மஞ்சள் அங்கே சந்தனக் கரைசல்போல மங்கலாகத் தெரிந்தது. பட்டைகளை ஒட்டித் தைத்த தையல் என்று நான் நினைத்த கோடும் அச்சில் வந்த கோடுதான். நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "சரி, நெய்கிறவன் ஊர் எது என்று விசாரி, அங்கேயே போ" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு நடந்ததன் கதை.

எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏமாற்று புதிதல்ல. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதை நான் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து போவார். அந்த வாரம் எங்கள் வீட்டுத் தறியில் ஏற்றிய பாவு, அதாவது நீளவாக்கு நூல், அப்படியே நிற்கும். அக்ரா கடையில் நான்தான் அந்த மலிவுக்கு மகிழ்ந்த ஆள் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

போன்விரே, குமாசி நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வடகிழக்கே இருக்கிறது. டிரோட்ரோ என்னும் வேனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தப் பகுதியின் அசாந்தே மக்களுடைய அரசர்களுக்குத் துணி நெய்த ஊர். இந்த ஊர் இளைஞர்கள் இருவர் காட்டில் சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து நெசவு கற்றார்கள் என்று அங்கே கதை சொல்கிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் விற்பனைக்காரப் பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். கையில் வளையல், துண்டு, தோளில் போடும் பட்டை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, எல்லாரும் பிழைக்கவேண்டும். ஆனால் அவர்களைக் கடந்து போய்த் தறி இருக்கும் கொட்டகையில் ஓரமாக நிற்கவேண்டும். வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்குப் போவதற்குள் பணப்பையைக் காலிசெய்துவிடுகிறார்கள்.

நான் அந்தக் கொட்டகையில் முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தறி மரச்சட்டத்தால் ஆனது, நான்கு கால்கள். நெசவாளர் அதன் உள்ளே உட்காருகிறார். பாவு அவருக்கு எதிரே தரையோடு தரையாகப் பல மீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. அதன் மறுமுனையை ஒரு மரப்பலகையில் கட்டி அதன்மேல் பாரத்துக்குக் கல்லை ஏற்றியிருக்கிறார்கள். நெய்து நெய்து துணியைச் சுற்றச் சுற்ற, கல் மண்ணைக் கீறிக்கொண்டு அவரை நோக்கி நகர்ந்து வருகிறது. காலையில் தூரத்தில் இருந்த கல் மதியத்துக்குள் எவ்வளவு நெருங்கியது என்பதை மண்ணில் விழுந்த கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மிதிபலகை இல்லை. கயிற்றின் நுனியில் கட்டிய சிறிய வட்டை, காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார். முன்பு சுரைக்குடுவையில் வெட்டிய வட்டு. நான் பார்த்த தறியில் பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டியது. பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது இரண்டு ஜோடி. முதல் ஜோடி பாவை ஒற்றை ஒற்றை இழையாகப் பிரிக்கிறது. அதில் நெய்தால் பாவின் கோடுகள் தெரியும். இரண்டாவது ஜோடி, ஆறு ஆறு இழைகளாகச் சேர்த்துத் தூக்குகிறது. அதில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டி இறுக்கி அடித்தால், அந்தக் குறுக்கு நூலான ஊடை பாவை முழுக்க மூடிவிடும். கெண்டேயின் அடர்ந்த நிறக்கட்டங்கள் பிறப்பது இந்த இடத்தில்தான். கோடுபோட்ட பாவு ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு மஞ்சள் சுவர் எழும்புகிறது. நான் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சின்ன வயதில் அப்பாவின் தறியோரம் உட்கார்ந்து கோர்வைக் கரைக்கு மூன்றாவது நாடா தள்ளிக்கொடுத்தவள் நான். உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் கை எப்படித் தயங்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே விழுது மாறும் இடத்தில் அதே தயக்கம், அதே மூச்சு.

பட்டையின் அகலம் நான்கு அங்குலம்தான். நம் சேலைப் பட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது ரிப்பன். ஆண்கள் தோளைச் சுற்றிப் போர்த்தும் பெரிய துணிக்கு இப்படி 24 பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கிறார்கள். மொத்தம் எட்டு அடி அகலம். தைத்து முடித்த பிறகு ஒரு பட்டையின் கட்டம் பக்கத்துப் பட்டையின் வெற்றிடத்தோடு சதுரங்கப் பலகைபோல மாறி மாறி அமையவேண்டும். வரைபடம் எதுவும் முன்னால் இல்லை. எத்தனை முறை நாடா ஓடினால் ஒரு கட்டம் என்ற எண்ணிக்கை நெசவாளரின் தலைக்குள் இருக்கிறது. பேசிக்கொண்டே நெய்தவர், கட்டம் தொடங்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டார். எண்ணுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி விலை பற்றியது அல்ல. "இதன் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. அசாந்தேக்களின் கெண்டேக்குப் பெயர் உண்டு, பாவின் கோட்டுக்கும் பெயர், அதில் வரும் கட்ட வேலைக்கும் பெயர். அஜ்வினாசா என்று ஒன்று. "என் கைவேலை முழுவதும் தீர்ந்தது" என்று பொருள். தனக்குத் தெரிந்த எல்லா வேலைப்பாட்டையும் இறக்கிவைத்த நெசவாளன் இட்ட பெயர். "தங்கத்தூள்" என்று ஒன்று. ஒன்றின் கதை நாட்டின் கதையாகவே இருக்கிறது. கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா 1957இல் எகிப்தைச் சேர்ந்த ஃபாதியாவை மணந்தார். "ஃபாதியா நிக்ரூமாவுக்குப் பொருத்தம்" என்று ஒரு துணிக்குப் பெயர் வந்தது. 1966 பிப்ரவரியில் நிக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்தது. அதே துணிக்கு "ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை" என்று பெயர் மாற்றினார்கள். ஒரு இழைகூட மாறவில்லை.

அக்ரா கடையில் அச்சுத்துணி விற்றவருக்குத் துணியின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். "பாரம்பரிய டிசைன்" என்று பதில் வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன்.

இனி நூல் விஷயம். இதில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலரும் குழம்பிப்போகிறார்கள். நெசவாளரின் நூல் கண்டைப் பார்த்துவிட்டு, "இது செயற்கைப் பட்டு, வெளியிலிருந்து வந்தது, அப்படியானால் இது அசல் இல்லையே" என்று முகம் சுருங்கிப் போன ஒரு பெண்ணை நான் அங்கேயே பார்த்தேன். பருத்தி, ரேயான், பாலியஸ்டர், மினுக்கு நூல் எல்லாம் இன்று அங்கே ஓடுகின்றன. ஆனால் இது இன்றைய கேடு என்று நினைத்தால் வரலாறு தெரியவில்லை என்றே பொருள். 18ஆம் நூற்றாண்டில் அசாந்தே அரசர் ஒப்போக்கு வாரே ஐரோப்பிய வணிகர்களிடம் பட்டுத்துணி வாங்கி, அதை இழை இழையாகப் பிரித்து, அந்த நூலில் தன் நெசவாளர்களை நெய்யச் சொன்னார் என்று ஒரு டேனிஷ் வணிகர் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். நெய்து முடித்த துணியை வாங்கி, பிரித்து, மறுபடி தன் கணக்கில் நெய்வது! எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டு மட்டும் என்ன, நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அதனால் அப்பா நெய்தது சூரத்துச் சேலை ஆகிவிடுமா?

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள். அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது நம் மதராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணி. கலாபாரிப் பெண்கள் அதை அப்படியே உடுத்தவில்லை. கூரிய கத்தி நுனியால் சில இழைகளை மட்டும் வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, எஞ்சிய இழைகளில் சல்லடைபோல ஒரு புதிய வேலைப்பாட்டை எழுப்பினார்கள். நம் ஊர் நெசவாளர் கூட்டிவைத்ததை அவர்கள் கழித்துச் செய்த கலை அது. அதற்குப் பெலெத்தே பிதே என்று பெயர். நெய்தவர் தமிழரோ தெலுங்கரோ, துணி கலாபாரித் துணி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதேபோல் புதுச்சேரியில் நீலம் தோய்த்த பருத்தித் துணி, "கினே" என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே வேலம்பிசின் வாங்கப் பணம்போலவே கைமாறியது. கடல்கள் பிரிக்கும் இந்த இரு கரைத் துணிகளும் ஒன்றையொன்று முன்பே அறிந்தவை.

ஆகையால் நூல் எங்கே பிறந்தது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். யார் நெய்தார், அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, இந்த இரண்டையும்தான் கேட்கிறேன்.

சந்தைகளில் "ஆப்பிரிக்கத் துணி" என்று அதிகம் விற்பது மெழுகு அச்சுத்துணி. அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் ஜாவாவின் பத்திக்கை இயந்திரத்தில் செய்ய முயன்ற ஐரோப்பியர்களின் சரக்கு அது. 1846இல் ஹெல்மண்டில் தொடங்கிய டச்சு நிறுவனமான விலிஸ்கோ இன்றும் அதை அச்சிடுகிறது. கானாவிலேயே அச்சிடும் ஆலைகளும் உண்டு. கைவேலை என்று சொல்லி அதை யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆனால் மதிப்பில்லாதது என்றும் எண்ணாதீர்கள். "நல்ல பாசிமணி ஓசை எழுப்பாது", "பணத்துக்குச் சிறகு உண்டு" என்றெல்லாம் அந்த அச்சுகளுக்குப் பெயர் இட்டுப் புழக்கத்தில் விட்டவர்கள் இங்குள்ள சந்தைப் பெண்களும் அவர்களிடம் வாங்கி உடுத்தியவர்களும்தான். அதை அச்சுத்துணி என்று தெரிந்தே வாங்கி உடுத்துகிறேன், விருப்பமாகவே.

கூடை வாங்கப் போல்கதங்கா போனேன். நாட்டின் வடகோடி. சந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கூடுகிறது. அங்கே கூடைப் புல்லை வியாபாரிகள் "வேட்டாவேரா" என்றார்கள். என் காதில் அது வெட்டிவேர் என்றே விழுந்தது, ஆனால் புல் வேறு, இங்கே வேருக்கு வேலை இல்லை, புல்லின் தாளில், அதாவது தண்டில்தான் கூடை. ஒரு பெண் அந்தத் தாளைப் பல்லால் நுனியில் பிளந்து இரண்டாகக் கிழித்தார். பிறகு இரண்டு பாதிகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து முறுக்கி மறுபடியும் ஒன்றாக்கினார். எதற்குப் பிளந்து எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பிளக்காத தாளையும் ஒரு முறுக்கிய தாளையும் என் கையில் கொடுத்து மடக்கச் சொன்னார். முதலாவது முறிந்தது. இரண்டாவது வளைந்துகொடுத்தது. ஒரு கூடைக்கு இப்படி நூற்றுக்கணக்கில் முறுக்கவேண்டும். முறுக்கி, கொதிக்கும் சாயத்தில் போட்டு, பின்னி, விளிம்பு கட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை வெட்டி, ஆட்டுத்தோல் பிடி வைத்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது. புல் அந்தப் பக்கத்தில் இப்போது போதுமான அளவு கிடைப்பதில்லை, தெற்கே குமாசிப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. புல்லைக் காசு கொடுத்து வாங்கித்தான் அவர் பின்னுகிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு "தே ஸோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலையைக் குறையுங்கள் என்பதற்குத் தெற்கே டுவி மொழியில் சொல்வது அது, சந்தைக்குப் போகிற எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல்.

ஊருக்குக் கொண்டுவரும்போது பெட்டியில் அந்தக் கூடை நசுங்கிப்போனது. வருத்தப்பட வேண்டியதில்லை. தண்ணீரில் நனைத்து, உள்ளே துண்டைச் சுருட்டி அடைத்து, கையால் உருட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்து நிழலில் காயவைத்தால் பழையபடி நின்றுவிடும். பிளாஸ்டிக் கலந்த போலிக்கூடை இப்படித் திரும்பாது.

கானாவின் குரோபோ மக்கள் செய்யும் கண்ணாடி மணிகளையும் விட மனமில்லை. காலி பாட்டில்களை உடைத்து மாவாக இடித்து, களிமண் அச்சின் குழிகளில் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு மரவள்ளி இலைக்காம்பைச் செருகுகிறார்கள். சூளையில் கண்ணாடி இளகும்போது காம்பு எரிந்துபோகும், அது நின்ற இடம் நூல் கோர்க்கும் துளையாகிவிடும். சூளையே கறையான் புற்று மண்ணில் கட்டியது. அந்த மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை ஒரே சீராக இருக்காது, காம்பின் வளைவு அதில் இருக்கும். நான் வாங்கிய மாலையில் ஒவ்வொரு மணியையும் அப்படிப் பார்த்தேன்.

போன்விரேக்கு மூன்றாம் முறை போனபோதுதான் துணிக்குச் சொன்னேன். பெரிய துணி அல்ல, 12 பட்டை. பெயரை நானே தேர்ந்தெடுக்க அந்த நெசவாளர் விடவில்லை. எதற்காக உடுத்தப்போகிறாய், யாருக்குக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பாவுக்குக் காட்டப்போகிறேன் என்றதும் சற்று யோசித்து, அஜ்வினாசாவின் கட்டங்களில் சிலவற்றைக் கலந்து நெய்கிறேன் என்றார். விலையைப் பட்டைக் கணக்கில் சொன்னார். நூலுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. நூலுக்குரியதை முன்பணமாகக் கொடுத்தேன். வாங்கப்போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த முன்பணம் பற்றித்தான். நெசவாளர்களைக் கட்டிப்போடுவது நூல் கடன். நூலைக் கொடுக்கும் வியாபாரியே துணியின் விலையையும் முடிவுசெய்வார். இது போன்விரேயிலும் உண்டு, பிள்ளையார்பாளையத்திலும் உண்டு. நூலுக்குப் பணம் முன்னால் கையில் இருந்தால் அந்த ஒரு துணியையாவது அவர் தன் விலைக்கு நெய்யலாம்.

சொன்ன தேதிக்குத் துணி வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போனது. கெண்டே நெசவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஊரில் கொண்டாட்டம். ஆனால் அந்த வாரமும் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. என் துணி கையில் வந்ததும் முதலில் திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும் அதே மஞ்சள், அதே கறுப்பு.

விடுமுறையில் காஞ்சிபுரம் போனதும் அப்பாவின் மடியில் விரித்தேன். அவர் பார்க்கவில்லை, தொட்டார். ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக வருடிக்கொண்டே போனார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார், ஆறியது. ஏழாவது பட்டையில் நின்றார். எட்டு, ஒன்பது. மறுபடி ஆறாவதுக்குத் திரும்பினார்.

"இந்த மூன்றும் வேறு கை" என்றார்.

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"ஓரம் உள்ளே இழுத்திருக்கிறது. ஊடையைச் சுண்டுகிற கை. அவசரம். மற்ற ஒன்பதில் நூலைத் தளர விட்டு அடித்திருக்கிறார், ஓரம் அசையாமல் நிற்கிறது. இந்த மூன்றை நெய்தவன் சின்னப் பையன்."

போன்விரேக்குச் செய்தி அனுப்பினேன். குறை சொல்வதற்காக இல்லை, அப்பா விரலால் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அரைமணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. முதலில் நீண்ட சிரிப்பு. பிறகு, "உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு மலேரியா வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். அக்காள் மகன் தறியில் உட்கார்ந்தான். மூன்று பட்டை அவன் நெய்தது" என்றார்.

அசாந்தேக்களிடம் தாய்வழிதான். மரபுப்படி ஆணின் சொத்து அக்காள், தங்கை வழியில்தான் போகும். அதையும் அப்பாவிடம் சொன்னேன். மருமகன் என்று தமிழில் சொன்னதும் அவர் தலையாட்டினார். பிறகு ஏழாவது பட்டையின் ஓரத்தை மறுபடி தொட்டார்.

"அந்த மூன்றுக்குக் கூலி பையன் கைக்குப் போனதா, கேள்."

அப்படியே கேட்டு அனுப்பினேன். அப்பா கட்டைவிரலைப் பட்டையிலிருந்து எடுக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.